பனிக்கு உப்புப் போட்ட ஓரத்தில் மண்புழுவே இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படியா?

பிரிவு: குளிர்நாட்டுத் தோட்டம் › மண்ணும் உரமும்

கறிவேப்பிலைக்காரி (மார்க்கம், ஒன்ராறியோ), ஏப்ரல் 13

எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை கடைசியாக ஒரு உறைமழை பெய்ததே, அன்றிரவு பக்கத்து வீட்டு ஐயா நடைபாதையில் நீல உப்பை அள்ளி வீசிவிட்டுப் போனார். கோழிக்குத் தீனி போடுவது போலத்தான் போடுவார், அளவு கிடையாது. அடுத்த நாள் குளிர் விட்டு நல்ல மழை. காலையில் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போனால், நடைபாதையில் ஏழெட்டு மண்புழு.

மழைக்கு வெளியே வந்த புழு நடைபாதையில் கிடப்பது புதிதில்லை. ஆனால் அதில் மூன்று, உப்புக்கல் சிக்கிக் கிடந்த சிமெந்து வெடிப்புக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தன. நடு உடம்பு நூல் கட்டியது போல இறுகி, சுற்றிலும் வெள்ளையாகச் சளி. ஒன்றை ஈர்க்கால் தூக்கிப் பார்த்தேன். வால் மட்டும் இன்னும் ஆடியது.

மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை கடுகுத் தண்ணீர் வேலை பார்த்தேன். தெரியாதவர்களுக்கு: மூன்றில் ஒரு கப் கடுகுத்தூளை நாலு லிட்டர் தண்ணீரில் கலக்கி, ஓரடிக்கு ஓரடி இடத்தில் மெதுவாக ஊற்றினால், காரம் தாங்காமல் உள்ளே இருக்கும் புழு மேலே வரும். கடைத்தூள் இல்லை, தாளிக்க வைத்திருந்த கடுகையே அரைத்துக்கொண்டேன். கண்ணெல்லாம் எரிச்சல்.

பின்வளவில் 14 புழு. முன் புல்தரையின் நடுவில் 6. நடைபாதைக்கும் தெருவுக்கும் நடுவில் உள்ள புல்பட்டையில் ஒன்றே ஒன்று, அதுவும் சாம்பல் நிறத்தில் என் சுண்டுவிரலில் பாதி.

உப்புத்தானே காரணம்? வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

---

மலையகத்தான் (பிரம்டன்), ஏப்ரல் 13

அக்கா, எங்க ஊரில் தேயிலை மலைக்கு ஏறும்போது மடியில் ஒரு முடிச்சு உப்பு இருக்கும். அட்டை கடித்தால் அதில் கொஞ்சம் தேய்த்தால் போதும், சுருண்டு விழுந்துவிடும். அட்டையும் மண்புழுவும் ஒரே குடும்பம் என்று பள்ளியில் படித்ததாக ஞாபகம். அட்டைக்குச் செய்ததைத்தான் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் புழுவுக்குச் செய்திருக்கிறார்.

---

உப்புவண்டி (ஸ்காபரோ), ஏப்ரல் 13

பேரைப் பார்த்தே தெரிஞ்சிருக்கும், நான்தான் குற்றவாளி. 19 வருசமா விண்டர்ல பனி வழிக்கிற கொன்ட்ராக்ட். கடைத்தொகுதி, கொண்டோ (அடுக்குமாடி), ரெண்டு கோயில் பார்க்கிங்.

ஒண்டு சொல்லுறன் தங்கச்சி. உப்பு கூடிப்போச்சு எண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் எனக்கு போன் எடுத்ததில்லை. குறைஞ்சு போச்சு எண்டுதான் விடிய அஞ்சு மணிக்கு போன் வரும். ஒருத்தர் வழுக்கி விழுந்தா வழக்கு. 2021இல சட்டத்தை மாத்தி, விழுந்த ஆள் 60 நாளுக்குள்ள எழுத்தில அறிவிக்க வேணும் எண்டு வச்சினம். அது கொஞ்சம் உதவி. ஆனா இன்சூரன்ஸ்காரன் கேக்கிற முதல் கேள்வி இப்பவும் "எத்தினை தரம் உப்புப் போட்டனி" எண்டுதான். அதனால கை தாராளமாத்தான் போகும். சில ஒப்பந்தத்தில போட்ட தரத்துக்குத்தான் காசு. பிறகு யார் குறைக்கிறது?

−10க்குக் கீழ போனா வெறும் உப்பு வேலை செய்யாது எண்டு எங்களுக்கும் தெரியும். ஆனா வாடிக்கையாளருக்கு நிலத்தில வெள்ளையா ஏதாவது தெரியவேணும்.

---

மண்வாசி (குவெல்ஃப்), ஏப்ரல் 14

மண்ணறிவியல் மாணவன். ஊர் மதுரை. இது என் ஆய்வுத் தலைப்பு இல்லை, பக்கத்து மேசைக்காரர் வேலை. இருந்தாலும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நடைபாதையில் கிடந்த மூன்று. மாவடுவுக்கு உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதே, அதேதான். மண்புழு உடம்பில் பத்தில் எட்டுப் பங்கு தண்ணீர். தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், மூச்சே அது வழியாகத்தான். அந்த ஈரத்தில் உப்பு கரைந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே இழுபடும். நீங்கள் பார்த்த சளி, உப்பை விலக்க அது கடைசியாகச் செய்த முயற்சி. பதினோராம் வகுப்பில் லாம்பிட்டோ மாரிட்டி மண்புழுவின் படம் போட்டுப் பாகம் குறித்தவர்களுக்கு நெஃப்ரீடியா நினைவிருக்கும். அதன் வேலை, மிஞ்சும் தண்ணீரை வெளியேற்றி உடலின் உப்பைத் தக்கவைப்பது. நன்னீர் மண்ணுக்கு அமைந்த குழாய். உப்புத்தண்ணீருக்கு நடுவில் அதற்குச் செய்ய அதிகம் இல்லை.

ஆனால் மண்ணுக்குள் நடப்பது வேறு கதை. அங்கே உப்பு இவ்வளவு அடர்த்தியாக இருக்காது, புழுவும் உடனே சாகாது. பெட்டியில் பாதி நல்ல மண், பாதி உப்பு மண் போட்டு நடுவில் புழுவை விட்டால், இரண்டு நாளில் நல்ல மண் பக்கம் போய்விடும். அதற்கும் குறைந்த உப்பில் புழு இருக்கும், தின்னும், ஆனால் முட்டைக்கூடு வைப்பது குறையும். அதனால்தான் ஆய்வகத்தில் இரண்டு விதச் சோதனை. 14 நாள் வைத்து எத்தனை செத்தது என்று பார்ப்பது ஒன்று. 28 நாள் பெரிய புழுக்களை விட்டு, எடுத்துவிட்டு, இன்னும் 28 நாள் காத்திருந்து குட்டிகளை எண்ணுவது இன்னொன்று. உப்பு விஷயத்தில் இரண்டாவதில்தான் அடி முதலில் தெரியும். சாகடிக்கும் அளவுக்கு வெகு முன்பே குட்டிகள் குறைந்துவிடும். பெரியதுகள் இருக்கின்றனவே என்று நாம் நிம்மதியாக இருப்போம், அடுத்த தலைமுறை இருக்காது.

அதிலும் ஒரு வில்லங்கம். சோதனைக்கு வழக்கமாக எடுப்பது ஐசீனியா ஃபெட்டிடா, அதாவது நம் ஊர் மண்புழு உரத்தொட்டியில் நெளிகிற சிவப்புப் புழு. சாணியிலும் குப்பையிலும் வாழ்ந்து பழகிய முரடு. தெருவோரக் களிமண்ணில் அது இருக்காது. அங்கே இருப்பது சாம்பல் புழுவும், இரவில் புல்தரைக்கு வரும் பெரிய ட்யூ வோர்மும். தொட்டிப் புழு தாங்கியது என்பதால் தெருப் புழுவும் தாங்கும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

இப்போது உங்கள் எண்ணிக்கை. கோபிக்காதீர்கள் அக்கா, 14, 6, 1 மட்டும் வைத்து உப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அந்தப் புல்பட்டை சாலை போட்டபோது கொட்டிய மண்ணாக இருக்கும். ஆள் நடந்து இறுகியிருக்கும். நாய் மூத்திரம், வேர் குறைவு, வெயிலில் சிமெண்ட் சூடு, எல்லாம் சேர்ந்த இடம் அது. டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) வைத்திருக்கிறீர்களா? குடிதண்ணீர் பார்ப்பது போதும்.

நிழலில் உலர்த்திய மண் 20 கிராம், வடிநீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) 100 மில்லி. நன்றாகக் குலுக்கி, அரைமணி வைத்து, மேல்தண்ணீரில் மீட்டரை விடுங்கள். மூன்று இடத்திலும்.

இன்னொன்று. ஒவ்வொரு இடத்திலிருந்தும் சுண்டைக்காய் அளவு உலர்ந்த மண்கட்டி எடுத்து, ஒரு தட்டில் வடிநீர் விட்டு அதில் மெதுவாக வையுங்கள். ஆட்டக்கூடாது. ஒரு நாள் கழித்து என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.

---

வாய்க்கால்மேடு (ஈரோடு), ஏப்ரல் 14

பனியே பாக்காத ஆளு நானு, ஆனாலும் உப்பு மண்ணுன்னா பேசாம இருக்க முடியலீங்க.

தென்னங்கன்னு வைக்கிறப்ப குழியில கல்லுப்புப் போடுறது எங்க பக்கம் வழக்கம். தென்னைக்குக் குளோரைடு வேணும், ஆகாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதே உப்ப வருசா வருசம் வெண்டைக்குப் போட்டா காடு காடா இருக்காது.

உவரும் களரும் ரெண்டு வேற வியாதிங்க. உவர்னா மண்ணுல உப்பு நெறைய நிக்குது, மேல வெள்ளையாப் பூக்கும். நல்ல தண்ணி கட்டி வடிய விட்டா சரியாப் போயிரும். களர்னா உப்பு போயிட்டாலும் சோடியம் களிமண்ணோட ஒட்டிக்கிட்டுப் போக மாட்டேங்கும். மழ பேஞ்சா பசை, காஞ்சா ஓடு. தண்ணி எறங்காது, மம்பட்டி எறங்காது. புழு எங்கிருந்து எறங்கும்?

உங்க தெருவுல உப்பப் போட்டு உவராக்குறீங்க. பொறவு மழ அத கழுவிட்டுக் களர விட்டுட்டுப் போகும். என் சந்தேகம் அதுதானுங்க.

---

மண்வாசி, ஏப்ரல் 14

வாய்க்கால்மேடு அண்ணா, நான் அடுத்து சொல்ல வைத்திருந்ததை நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். சாலை உப்பு எடையில் சுமார் 40 விழுக்காடு சோடியம், 60 விழுக்காடு குளோரைடு. குளோரைடு மண்ணில் நிற்காது, தண்ணீரோடு ஓடையும் ஏரியும் பார்த்துப் போய்விடும். கனடாவில் நீர்வாழ் உயிர்களுக்காக வைத்திருக்கும் நீண்டகால வரம்பு லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு. சோடியம் களிமண்ணில் கால்சியமும் மக்னீசியமும் உட்கார்ந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மீன்காரர்கள் குளோரைடைப் பற்றிப் பேசுவார்கள், மண்காரர்கள் சோடியத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஒரே உப்பு.

---

வனநடை (ஹமில்டன்), ஏப்ரல் 15

எல்லாரும் அழுது முடித்துவிட்டால் ஒரு கேள்வி. இந்தப் புழுக்கள் இந்த நாட்டுக்காரரே இல்லை, தெரியுமா? கடைசிப் பனியுகத்தில் ஒன்ராறியோ முழுக்கப் பனிப்பாறைக்கு அடியில். நம் தோட்டத்தில் பார்க்கும் புழுக்கள் கிட்டத்தட்ட எல்லாம் ஐரோப்பியக் குடியேறிகளோடு செடி மண்ணிலும் கப்பலின் பாரமண்ணிலும் வந்தவை. மேப்பிள் காட்டில் பல காலமாகச் சேர்ந்த இலைமெத்தையைச் சில ஆண்டுகளில் தின்று தீர்க்கின்றன. ட்ரில்லியம் பூ முளைக்க இடம் இல்லை. மீன் பிடித்து முடித்து மிச்சத் தூண்டில் புழுவைக் காட்டில் கொட்டாதே என்று பலகை வைக்கிறார்கள்.

அப்படியானால் உப்பு நல்லதுதானே செய்கிறது?

---

உப்புவண்டி, ஏப்ரல் 15

தம்பி வாழ்க. அடுத்த இன்வொய்ஸ்ல "ஆக்கிரமிப்புப் புழு ஒழிப்பு" எண்டு ஒரு வரி சேர்க்கப்போறன்.

---

கறிவேப்பிலைக்காரி, ஏப்ரல் 15

வந்தேறி என்றால் நாங்களும்தான் :)

வனநடை, காட்டில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் வீட்டு முன் புல்பட்டை மேப்பிள் காடு இல்லையே. புல்டோசர் அமுக்கிய களிமண். அதில் துளை போட்டுத் தண்ணீர் இறக்க வேறு யாரும் இல்லை.

---

மண்வாசி, ஏப்ரல் 15

வனநடையின் கேள்வி விளையாட்டுக் கேள்வி இல்லை, ஆனால் உப்பு ஆள் பார்த்து அடிக்காது. மண்ணில் வெள்ளை நூல் போல என்கிட்ரெயிட் புழுக்கள், ஸ்பிரிங்டெயில் என்ற துள்ளும் சிற்றுயிர்கள், சிறு உண்ணிகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றில் இங்கேயே இருந்தவையும் உண்டு. அதோடு உப்பு விழுவது சாலையிலிருந்து சில மீட்டருக்குள்தான் அதிகம். நெடுஞ்சாலையில் சாரல் பறப்பதால் இன்னும் தள்ளியும் போகும், 401 நெடுஞ்சாலை ஓரத்துப் பைன் மரங்கள் சாலைப் பக்கம் மட்டும் பழுப்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுக்காட்டில் இருக்கும் புழுவுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. நீங்கள் ஒழிக்க நினைக்கும் இடத்தில் உப்பு இல்லை. உப்பு இருக்கும் இடத்தில் ஒழிக்க வேண்டிய தேவை இல்லை.

---

பெர்லின்பறவை (பெர்லின்), ஏப்ரல் 16

இங்கே தனியார் நடைபாதையில் உப்புப் போடுவதற்கே தடை. போட்டால் அபராதம். சின்னச் சின்னக் கல்லுத்தூள்தான் வீசவேண்டும், ஸ்ப்ளிட் என்பார்கள். வழுக்காது. ஆனால் மார்ச் முடிய அதைக் கூட்டி அள்ள வேண்டும், சப்பாத்துக்கு அடியில் ஒட்டி வீட்டுத் தரை முழுக்கக் கீறல். என் அம்மா வந்திருந்தபோது "ரோட்டுப் போட வந்தவங்கள் மிச்சத்தை விட்டுட்டுப் போட்டாங்களோ" என்று கேட்டார்.

தடைக்குக் காரணம் முதலில் புழு இல்லை, தெருவோர மரங்கள். புழுவுக்காக எந்த மாநகரசபை சட்டம் போடும்?

---

கறிவேப்பிலைக்காரி, ஏப்ரல் 19

மண்வாசி, வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன். சமையல் தராசு, மருந்துக்கடையில் வாங்கிய வடிநீர், மகளின் மூன்று ஜாம் போத்தல்.

மீட்டர் காட்டியது: பின்வளவு 60, முன் புல்தரை 110, புல்பட்டை 330.

மண்கட்டி: பின்வளவுக் கட்டி கொஞ்சம் பொரிந்து சிறு துண்டாக உடைந்தது, தண்ணீர் தெளிவு. புல்பட்டைக் கட்டியும் அப்படியே, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அப்படியானால் களர் இல்லைத்தானே? ஈரோட்டு அண்ணா பயமுறுத்திவிட்டார் :)

---

மண்வாசி, ஏப்ரல் 19

மீட்டர் உண்மையில் அளப்பது மின்கடத்தலை. அதைப் பாதியாக்கித்தான் பெரும்பாலான மீட்டர்கள் பிபிஎம் என்று காட்டும். உங்கள் 330ஐ இரட்டித்தால் சென்டிமீட்டருக்கு 660 மைக்ரோசீமன்ஸ், அதாவது மீட்டருக்கு 0.66 டெசிசீமன்ஸ். ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு தண்ணீர் ஊற்றி மெலிதாக்கியிருக்கிறோம். களிமண்ணுக்கு உத்தேசமாக ஏழால் பெருக்கினால் 4.6. மண்ணில் 4க்கு மேல் போனால் உவர் நிலம் என்பது புத்தகக் கணக்கு. பின்வளவு 1ஐத் தொடவில்லை. ஆக, புல்பட்டை இன்றைக்கு உவர் நிலம், சந்தேகம் இல்லை.

ஆனால் மண்கட்டி தெளிவாக இருந்ததை வைத்துக் கொண்டாட வேண்டாம். உப்பு நிறைய இருக்கும்போது களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும், சோடியம் ஏறியிருந்தாலும் சரி. உப்புதான் அவற்றைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. மழை அந்த உப்பைக் கழுவிய பிறகுதான் சோடியத்தின் குணம் தெரியும். ஜூன் கடைசியில் அதே இடத்து மண்ணை எடுத்து அதே சோதனையைச் செய்யுங்கள். என் ஊகத்தை இப்போது சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்கள் அதைத்தான் பார்ப்பீர்கள்.

---

வாய்க்கால்மேடு, ஏப்ரல் 19

நான் சொல்லிப்போடுவேன். பால் கணக்கா வரும்.

---

வனநடை, ஏப்ரல் 20

சரி, ஒரு உருப்படியான கேள்வி. உப்புப் போடுவது டிசம்பர் முதல் மார்ச் வரை. அப்போது நிலம் உறைந்து கிடக்கிறது, புழு ஆழத்தில் போய்விடும். பிறகு உப்பு அதை எப்படித் தொடும்?

---

மண்வாசி, ஏப்ரல் 20

நல்ல கேள்வி. ஆனால் புழு எல்லாம் ஆழத்துக்குப் போவதில்லை.

ட்யூ வோர்ம் நேராகக் கீழே துளை போட்டு வாழ்வது, ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் வரை போகும். உறைபனிக்குக் கீழே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சாம்பல் புழு மேல் சாணுக்குள் வளைய வருவது, குளிரிலும் வறட்சியிலும் முடிச்சுப் போட்டது போலச் சுருண்டு தூங்கும். இலைச்சருகில் வாழும் சிறு புழு டென்ட்ரோபீனா உடம்பு உறைந்தாலும் பிழைக்கும். மேல் மண்ணில் விட்டுப்போன முட்டைக்கூடுகள் வசந்தத்தில் பொரிக்கக் காத்திருக்கும்.

உப்பு குளிர்காலம் முழுக்கப் பனிக்குவியலில் சேமிப்பில் இருக்கிறது. ஓரத்தில் தள்ளிக் குவித்த பனி மார்ச்சில் உருகும்போது மொத்தமாக இறங்குகிறது. மேல் மண் இளகி, கீழ் மண் இன்னும் உறைந்திருக்கும் அந்த இரண்டு மூன்று வாரத்தில் உப்புத்தண்ணீருக்குக் கீழே போக வழியில்லை, மேல் சாணிலேயே தேங்கும். அதே வாரங்களில்தான் சாம்பல் புழு முறுக்கு அவிழ்கிறது, முட்டைக்கூடு பொரிக்கிறது, ட்யூ வோர்ம் மேலே ஏறுகிறது. இதைவிட மோசமான நாள் பார்க்க முடியாது.

---

உப்புவண்டி, ஏப்ரல் 20

இதை வாசிச்சிட்டு ஒண்டு யோசிச்சன். நான் பார்க்கிங் பனியை வழிச்சு எங்க தள்ளுறனான்? புல்லுக்கு மேல. எல்லாரும் அப்பிடித்தான், கார் நிக்கிற இடத்தை வீணாக்க ஏலாது. ஒரு கடைத்தொகுதியில தென்கிழக்கு மூலையில ஒவ்வொரு வருசமும் மலை மாதிரிக் குவிப்பம், மே நடுவில்தான் கடைசிக் கறுப்புப் பனி போகும். அந்த மூலையில புல்லு வந்ததே இல்லை. மூண்டு தரம் சொட் (புல்விரிப்பு) போட்டுப் பாத்தினம். ஆள்காட்டிவிரல் போகாது, அப்பிடி ஒரு இறுக்கம்.

நாங்கள் புல்லுக்காரனில பிழை சொல்லிக்கொண்டு இருந்தம்.

---

பெர்லின்பறவை, ஏப்ரல் 21

உப்புவண்டி அண்ணா, பீட்ரூட் சாறு போடுகிறார்களாமே அங்கே? உண்மையா?

---

உப்புவண்டி, ஏப்ரல் 21

சீனி எடுக்கிற பீட் கிழங்கின்ர சாறு, நாங்க சாப்பிடுற பீட்ரூட் இல்லை. கடும் குளிர் நாளில ரொறன்ரோவில உப்புத்தண்ணியோட கலந்து அடிக்கிறவை. பிசுபிசு எண்டு ரோட்டில ஒட்டும், உப்பு துள்ளிப் போகாது. மணம் சோயா சோஸ் மாதிரி. ஆனா அதுவும் உப்போடதான். உப்புக்குப் பதில் இல்லை, துணை.

காய்ஞ்ச உப்பை ஓடுற வண்டியில இருந்து எறிஞ்சா நல்ல பங்கு துள்ளிப் புல்லுக்கைதான் போகும். முதலே உப்புத்தண்ணியில நனைச்சுப் போட்டா குறைய உப்பு காணும். அதுக்கு மெசின் வேணும், மெசினுக்குக் காசு வேணும்.

---

மலையகத்தான், ஏப்ரல் 21

கடையில் "செல்லப்பிராணிக்குப் பாதுகாப்பானது" என்று எழுதி விற்கிறார்களே, அது புழுவுக்கும் நல்லதா?

---

மண்வாசி, ஏப்ரல் 21

பையின் பின்பக்கத்தைப் படியுங்கள், முன்பக்கத்தை நம்பாதீர்கள். கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு என்றால் சோடியம் இல்லை, மண் களராகாது, குளிரிலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் குளோரைடு அதிலும் இருக்கும். புழுவின் தோலுக்கு எந்த உப்பானாலும் தண்ணீர் இழுபடுவது இழுபடுவதுதான். யூரியா இருந்தால் பனி கொஞ்சம் உருகும், ஓடைக்கு உரம் போட்டதாகவும் ஆகும். அசிடேட் வகை மண்ணுக்குப் பரவாயில்லை, விலை கேட்டால் வழுக்கி விழுந்துவிடுவீர்கள். பல பைகளில் பெரும்பகுதி பழைய சோடியம் குளோரைடுதான், மேலே கொஞ்சம் வேறு உப்பும் நீலச் சாயமும்.

முதலில் மண்வாரியால் நன்றாக வழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் போடுங்கள். நடைபாதைச் சதுரம் பத்துக்கு ஒரு காப்பிக் கோப்பை உப்பு போதும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும்.

---

நெறியாளர், ஏப்ரல் 22

மாவடுவுக்கு நல்லெண்ணெயா விளக்கெண்ணெயா என்ற 11 பதிவுகளைச் சமையல் பிரிவுக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே புழு மட்டும்.

---

கறிவேப்பிலைக்காரி, ஜூன் 28

இழையை மறக்கவில்லை. மே முழுக்க நல்ல மழை. நேற்று அதே மூன்று இடம், அதே தராசு, அதே போத்தல்.

மீட்டர்: பின்வளவு 55, முன் புல்தரை 60, புல்பட்டை 95. சந்தோசப்பட்டேன், உப்பு போய்விட்டது என்று.

பிறகு மண்கட்டியை வைத்தேன். பத்து நிமிடத்தில் புல்பட்டைக் கட்டியைச் சுற்றி மெல்லிய புகை மாதிரி ஒன்று பரவத் தொடங்கியது. முதலில் என் கண்தான் என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் தட்டில் தேங்காய்ப்பால் ஊற்றியது போல. கட்டி கட்டியாகவே இல்லை, நடுவில் ஒரு மணல் மேடு மட்டும். இன்று காலை வரை தெளியவில்லை. பின்வளவுத் தட்டு அதே தெளிவு.

தகர டின்னின் இரண்டு பக்கமும் வெட்டி, மண்ணில் அரைவாசி அழுத்தி, ஒரு அங்குலம் தண்ணீர் ஊற்றியும் பார்த்தேன் (இது என் சொந்த மூளை). பின்வளவில் ஆறு நிமிடத்தில் குடித்துவிட்டது. புல்பட்டையில் ஒரு மணி நேரம் கழித்தும் மேலே தண்ணீர் நிற்கிறது, ஒரு நுளம்பு வந்து உட்கார்ந்தது.

கடுகு: பின்வளவு 9, முன் தரை 5, புல்பட்டை 0.

---

வாய்க்கால்மேடு, ஜூன் 28

பால்.

---

மண்வாசி, ஜூன் 28

அண்ணா ஒரே சொல்லில் ஆய்வறிக்கை தந்துவிட்டார்.

அக்கா, கடுகு எண்ணிக்கையை ஏப்ரலோடு ஒப்பிடாதீர்கள், ஜூன் வெக்கையில் எல்லா இடத்திலும் புழு கீழே போகும். ஆனால் அந்தத் தட்டும் டின்னும் நல்ல சாட்சி. ஏப்ரலில் சொன்னேனே, மண் இறுகியதற்கு ஆள் நடமாட்டமும் காரணமாக இருக்கலாம் என்று. மிதிபட்டதால் மட்டும் மண் இப்படிப் பாலாகக் கரையாது. களித்துகள் தனித்தனியாகப் பிரிந்து மிதக்கிறது என்றால் அது சோடியம் வேலை. அந்தத் துகள்தான் கீழே போய்த் துளைகளை அடைக்கிறது. புழு போட்ட பழைய வழியும் அடைபடும், காற்று போகாது, மழையில் சேறு, வெயிலில் ஓடு.

புழு தானாகத் திரும்பி வருமா என்றால், புழுக் கூட்டம் புது இடத்துக்குப் பரவுவது ஆண்டுக்குச் சில மீட்டர்தான். உங்கள் முன் தரையிலிருந்து நடைபாதைச் சிமெண்டைத் தாண்டி அது வந்து சேர்வதற்குள் அடுத்த குளிர்காலத்து உப்பு வந்துவிடும்.

ஒன்ராறியோவில் குடியிருப்பு நிலத்து மண்ணுக்குச் சோடியத் தகவு (கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்ட சோடியத்தின் அளவு) 5க்கு மேல் போகக்கூடாது, மின்கடத்தல் 0.7க்கு மேல் போகக்கூடாது (இது வேறு முறையில் அளப்பது, முன்பு சொன்ன 4ஓடு ஒப்பிடாதீர்கள்) என்று தரம் வைத்திருக்கிறார்கள். ஆனால் பாதுகாப்புக்காகச் சாலையில் போட்ட உப்பால் தாண்டினால் அது மாசு இல்லை என்று விதியிலேயே விலக்கு. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று மத்திய அரசு 2001இல் மதிப்பிட்டது, 2004இல் நடைமுறைக் குறியீடு வந்தது. அதுவும் தானாக முன்வந்து பின்பற்றுவது, கட்டாயம் இல்லை.

---

கறிவேப்பிலைக்காரி, ஜூன் 29

சரி, என்ன செய்வது? மண்ணையே மாற்றவா?

---

வாய்க்கால்மேடு, ஜூன் 29

ஜிப்சம் போடுங்க. களருக்கு எங்க பாட்டன் காலத்துலருந்து அதுதான் மருந்து. கால்சியம் உள்ள போயிச் சோடியத்தக் கெளப்பி விடும், சோடியம் சல்பேட்டாகித் தண்ணியோட போயிரும். ஆனா தண்ணி வடிய வழி இருக்கோணும். வடியாத எடத்துல போட்டா காசுக்குப் புடிச்ச கேடு. கடப்பாரைல ஒரு சாணுக்கு ஒரு ஓட்டை குத்தி விட்டுப் போடுங்க. கூடவே மக்குன எருவு. சுண்ணாம்பு போட்றாதீங்க.

---

மண்வாசி, ஜூன் 29

அப்படியே செய்யுங்கள். பத்துச் சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ அளவில் தொடங்கலாம். இந்தப் பக்கத்து மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைய, அது கரைவது குறைவு, அதனால் இன்னும் சுண்ணாம்பு போட்டு லாபம் இல்லை. ஜிப்சம் கரையும், அதுதான் வித்தியாசம். நவம்பருக்கு முன் நாலைந்து நல்ல மழை அதன் மேல் பெய்ய வேண்டும்.

---

உப்புவண்டி, ஜூலை 2

நானும் அந்த மூலை மண்ணில ஒரு கட்டி எடுத்து மனுசியின்ரை வெள்ளைக் கோப்பையில போட்டன். பால் இல்லை, தேத்தண்ணி. ரெண்டு நாளாகியும் தெளியேல்லை. மனுசி கோப்பையைத் திருப்பி எடுக்க மாட்டன் எண்டுட்டா.

இந்த முறை ஒப்பந்தம் எழுதேக்க பனியைக் குவிக்க வடிகானுக்குப் பக்கத்துத் தாரிலயே ரெண்டு கார் இடம் கேக்கப்போறன். உப்பு ஓடைக்குப் போகும், தெரியும், தம்பி மீன்காரரைப் பற்றிச் சொன்னவர். புல்லில போட்டாலும் குளோரைடு அங்கதான் போகுது. கடைக்காரர் ரெண்டு இடம் தருவினமோ தெரியாது. டிசம்பர் கடைசி ஷொப்பிங் நேரம் எண்டு சண்டைக்கு வருவினம்.

தங்கச்சி, பக்கத்து வீட்டு ஐயாவுக்கு என்ன சொன்னனீங்கள்?

---

கறிவேப்பிலைக்காரி, ஜூலை 2

தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துவிட்டு, "உங்கட பக்கத்து மண் இது, என்ட பக்கத்தில நல்லாத்தான் இருக்கும்" என்றார். அவர் பக்கத்திலும் ஒரு கட்டி எடுத்து அவர் கண் முன்னாலேயே போட்டேன். கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். புகை வரத் தொடங்கியதும் எழும்பி உள்ளே போய், கராஜில் மிச்சமிருந்த நீலப் பையைத் தூக்கி வந்து பின்பக்க எழுத்தை வாசிக்கச் சொன்னார். 94 விழுக்காடு சோடியம் குளோரைடு.

கோப்பை கணக்கைச் சொல்லியிருக்கிறேன். "தேத்தண்ணிக் கோப்பையா, கோப்பிக் கோப்பையா?" என்று கேட்டார்.

---

மலையகத்தான், ஜூலை 3

அக்கா, வீட்டில் அடித்தளம் கட்டும்போது மிஞ்சிய ட்ரைவால் (உள்சுவர்ப்) பலகை நிறையக் கிடக்கிறது. அதுவும் ஜிப்சம்தானே? நொறுக்கிப் போடலாமா?

---

மண்வாசி, ஜூலை 3

நடுவில் இருப்பது ஜிப்சம்தான். ஆனால் தாள், பசை, சில பலகையில் கண்ணாடி இழை, பூஞ்சைத் தடுப்பு மருந்து எல்லாம் சேர்ந்து வரும். பழைய பலகை என்றால் மேல்பூச்சு வேறு. பண்ணைக் கடையில் தோட்டத்துக்கான ஜிப்சம் பையிலேயே கிடைக்கும், வாங்கிவிடுங்கள்.

---

கறிவேப்பிலைக்காரி, ஜூலை 3

நான் ஒரு பண்ணைக் கடையில் எடுத்தேன். புல்பட்டை மாநகர நிலம் என்பதால் கடப்பாரை குத்துமுன் நிலத்தடி வயர் பார்க்கும் இலவசச் சேவைக்குப் போன் பண்ணி அடையாளம் போட வைத்தேன், மறக்காதீர்கள். பாதிப் பட்டைக்கு ஜிப்சம், பாதிக்கு ஒன்றும் இல்லை. செப்டெம்பர் கடைசியில் இரண்டு பக்கமும் கடுகு ஊற்றுகிறேன்.